பட்டன் போனும் டேட்டா இல்லாத ரீசார்ஜும்: படிக்கும் பிள்ளைகளுக்காக ஒரு மதிப்புரை

கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் ஆகிய ஊர்களின் கைப்பேசிக் கடைகளில் ஏறத்தாழ 1,000 ரூபாயிலிருந்து 2,500 ரூபாய் வரை விலை சொல்லப்படும் பட்டன் போன்களைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் முதியவர்களை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. எழுத்து பெரிதாகத் தெரிகிறதா, மணியோசை உரக்கக் கேட்கிறதா, கீழே விழுந்தால் தாங்குமா என்பவையே அவற்றின் கேள்விகள். இந்த மதிப்புரை வேறு வாசகருக்கானது. இன்ஸ்டாகிராமிலும் யூடியூப் ஷார்ட்ஸிலும் நாளின் பெரும்பகுதி கரைந்துபோவதைத் தாமே உணர்ந்து, அதிலிருந்து வெளியேற வழி தேடும் கல்லூரி மாணவர்களுக்காகவும், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்காகவும், முதல் வேலையில் சேர்ந்திருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நானும் அந்த வரிசையில் நிற்பவள்தான். முதுநிலைப் படிப்பை முடித்துவிட்டு டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் நான், வெளியே போகும்போது கையில் எடுத்துச் செல்லும் ஒரே போனாகப் பட்டன் போனைத்தான் வைத்திருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது நிச்சயமாக வாங்கத் தகுந்த பொருள். ஆனால் போனை மாற்றுவதால் பாதி வேலைதான் முடிகிறது. மீதிப் பாதி ரீசார்ஜில் இருக்கிறது.

இந்தப் போனைத் தேடி வரும் இளைஞர்களில் பலர் 2020-ஆம் ஆண்டில் பள்ளி இறுதி வகுப்புகளிலோ கல்லூரியின் முதலாண்டிலோ இருந்தவர்கள் என்பதை நான் தற்செயலாகக் கருதவில்லை. அந்த ஆண்டின் ஊரடங்கில், இணையவழி வகுப்புக்காகவே பல வீடுகளில் பிள்ளைகளுக்கென்று தனி டச் போன் முதன்முதலாக வாங்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. ஜூலையில் இன்ஸ்டாகிராம் தன் ரீல்ஸை இந்தியாவில் கொண்டுவந்தது. செப்டம்பரில் யூடியூப் தன் ஷார்ட்ஸை உலகிலேயே முதலில் இந்தியாவில்தான் சோதித்துப் பார்த்தது. ஆக, பாடம் படிப்பதற்காகக் கையில் வந்த கருவியில், மூன்று மாத இடைவெளிக்குள், ஒன்று முடியுமுன் அடுத்தது தானாக வந்து நிற்கும் காணொளி வரிசைகள் இரண்டு குடியேறிவிட்டன. அந்த வரிசைக்கு முடிவு கிடையாது. நிறுத்த வேண்டிய இடம் இது என்று காட்டும் ஒரு குறியும் அதில் இல்லை. இதைப் பார்த்துப் பழகிய பிள்ளையிடம் "உனக்கு மனக்கட்டுப்பாடு போதாது" என்று வீட்டில் சொல்லப்படுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். செயலியைப் பயன்படுத்தும் நேரத்துக்கு வரம்பு வைத்துக்கொள்ளும் வசதி டச் போனிலேயே உண்டு. ஆனால் அந்த வரம்பை வைத்த அதே விரலால் அதை நீக்கவும் முடியும் என்பதால், இரவு பதினொரு மணிக்கு அது எவரையும் தடுப்பதில்லை. கருவியையே மாற்றுவது என்ற முடிவுக்குப் பலர் வந்து சேர்வது இப்படித்தான்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது 2ஜியா 4ஜியா என்பது. ஆயிரம் ரூபாய் விலையில் கிடைப்பவற்றில் பல 2ஜி மட்டுமே உள்ளவை. ஜியோவுக்கு 2ஜி வலையமைப்பே கிடையாது. அதன் சிம்மை அத்தகைய போனில் போட்டால் சிக்னலே வராது. ஏர்டெல், வி (வோடபோன் ஐடியா) சிம்கள் 2ஜியில் இயங்கும் என்றாலும், குரல் தெளிவுக்காகவும் இனி வரும் காலத்தை எண்ணியும் 4ஜி அழைப்பு வசதி உள்ளதையே வாங்க வேண்டும் என்பது என் கருத்து. 2023 ஜூலையில் 999 ரூபாய்க்கு வந்த ஜியோபாரத் போன் 4ஜி என்றாலும், அதில் ஜியோ சிம் மட்டுமே வேலை செய்யும். வேறு நிறுவனத்துக்கு மாறும் எண்ணம் உள்ளவர்களுக்கு அது ஒத்துவராது.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியதைப் பலர் கவனிப்பதில்லை. பட்டன் இருந்தாலே அது எளிய போன் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் இன்று வரும் 4ஜி பட்டன் போன்கள் சிலவற்றில் யூடியூபும் ஷார்ட்ஸும் முன்கூட்டியே ஏற்றப்பட்டு வருகின்றன. நோக்கியா பெயரில் போன்களை விற்றுவந்த எச்எம்டி நிறுவனம் 2024-இல் இந்தியாவில் வெளியிட்ட எச்எம்டி 105 4ஜி, 110 4ஜி மாடல்களின் விளம்பரத்தில் ஷார்ட்ஸ் பார்க்கலாம் என்பதே ஒரு சிறப்பம்சமாகச் சொல்லப்பட்டது. 2023-இல் ஜியோபோன் பிரைமா வந்தபோது அதிலும் யூடியூப், பேஸ்புக், வாட்ஸ்அப் ஆகியவை இருந்தன. டச் போன் வாங்க முடியாதவர்களுக்கு இணையத்தைக் கொண்டுசெல்வது அந்த நிறுவனங்களின் நோக்கம். அதில் நான் குறை காணவில்லை. நம் நோக்கம் அதற்கு நேர் எதிரானது என்பதால், பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதை முழுவதும் படித்துவிட்டு வாங்க வேண்டும் என்றுதான் சொல்ல வருகிறேன்.

நான் வாங்கியது அத்தகைய செயலிகள் ஏதுமற்ற ஒரு 4ஜி பட்டன் போன். அதன் பெயரை இங்கே எழுதாமல் விடுகிறேன். ஏனெனில் நான் சொல்லப்போகும் நிறையும் குறையும் அந்த விலையில் வரும் நாலைந்து மாடல்களுக்கும் ஏறத்தாழப் பொதுவானவை. நாகர்கோவில் மணிமேடைப் பக்கம் ஒரு கடையில் கேட்டபோது, கடைக்காரர் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டே, "பாட்டாவுக்கா மக்களே?" என்றார். "எனக்குத்தான் அண்ணாச்சி" என்றதும் அவர் வியப்படையவில்லை. "இப்பம் படிக்க பிள்ளைகளும் கேட்டு வருது" என்று சொல்லிவிட்டு, பேட்டரியைத் தாமே மாட்டி, என் சிம்மைப் போட்டு, கடை எண்ணுக்கு ஒரு முறை அழைத்துக் காட்டிவிட்டுத்தான் பில் போட்டார். எல்லாக் கடைகளிலும் இப்படிச் செய்து காட்டச் சொல்லிக் கேட்பது நல்லது.

இனி ரீசார்ஜுக்கு வருகிறேன். பட்டன் போனுக்கு மாறிய பிறகும் தினமும் ஒன்றரை ஜிபி டேட்டா தரும் பழைய பேக்கையே போட்டுக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கிறேன். காசு கொடுத்த டேட்டா வீணாகிறதே என்ற எண்ணம் இருக்கும்வரை, அதைச் செலவழிக்க ஒரு வழியையும் மனம் தேடிக்கொண்டே இருக்கும். பழைய டச் போனில் சிம்மை மாற்றிப் போடுவதற்கு இரண்டு நிமிடம் போதும். நெடுங்காலம் இதற்கு மாற்றும் இருந்ததில்லை. பேசுவதற்கும் குறுஞ்செய்தி அனுப்புவதற்கும் மட்டுமான பேக்குகளையும் நிறுவனங்கள் கட்டாயம் வழங்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதியைத் திருத்தியது. அத்தகைய பேக்குகளின் கால வரம்பையும் 90 நாள்களிலிருந்து 365 நாள்களாக உயர்த்தியது. அதன்படி 2025 ஜனவரியில் ஜியோவும் ஏர்டெல்லும் வியும் டேட்டா இல்லாத பேக்குகளைக் கொண்டுவந்தன. அந்த மாதத்திலேயே விலை குறைக்கப்பட்டு, 84 நாள்களுக்கு ஜியோவில் 448 ரூபாய், ஏர்டெல்லில் 469 ரூபாய் என்று வந்தது. இப்போதைய விலையைக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். நாமாகக் கேட்காவிட்டால் டேட்டாவோடு சேர்ந்த பேக்கைத்தான் எடுத்துச் சொல்வார்கள். "பேசுறதுக்கு மட்டும் உள்ள பேக்" என்று தெளிவாகக் கேட்க வேண்டும்.

இந்த ரீசார்ஜைத்தான் நான் இந்த ஏற்பாட்டின் முதுகெலும்பாகக் கருதுகிறேன். டேட்டா இல்லாத சிம் இருந்தால், ஷார்ட்ஸ் ஏற்றப்பட்ட பட்டன் போன்கூட வெறும் பேசும் கருவியாகிவிடுகிறது. சிம்மை டச் போனுக்கு மாற்றினாலும் வெளியில் இணையம் வராது. ஆசை வரும் நேரத்தில் எதிர்த்து நிற்க வேண்டிய அவசியமே இல்லாமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தெளிந்த மனத்தோடு இருக்கும் ஒரு பகல் பொழுதில் முடிவெடுத்துவிட்டால் போதும். போனின் விலையைவிட, இந்தப் பேக் கிடைக்கிறது என்ற செய்தி நம் ஊர் மாணவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதே எனக்குப் பெரிது.

போனின் உடலமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 4ஜி அழைப்பில் குரல் தெளிவாக இருக்கிறது. என்னுடைய முந்தைய டச் போனில் கேட்டதைவிடக் குறைவில்லை. ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் ஓரிரவுப் பயணத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. பேட்டரியைக் கழற்றிப் புதிதாக மாற்றிக்கொள்ளலாம். சார்ஜர் மட்டும் பழைய மைக்ரோ யூஎஸ்பி வகை என்பதால், வீட்டில் எல்லாம் டைப்-சி ஆகிவிட்டவர்கள் ஒரு கேபிளைத் தனியாகப் பத்திரப்படுத்த வேண்டும். டார்ச் நல்ல வெளிச்சம் தருகிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் மாவட்டத்தில், மின்சாரம் போகும் மாலைகளுக்கு இது உதவும். இயர்போன் மாட்டாமலேயே எஃப்எம் கேட்கலாம். தக்கலையில் குமரி பண்பலை 101-இல் தெளிவாகக் கேட்கிறது. சற்றுத் தள்ளி 101.9-இல் திருவனந்தபுரம் வானொலியும் கிடைக்கிறது. கேமரா இருக்கிறது என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி வாங்க வேண்டாம். கரும்பலகையையோ தோழியின் குறிப்பேட்டையோ அதில் படம் எடுத்தால் ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது. ஜெராக்ஸ் கடைக்குத்தான் போக வேண்டும். டச் போனிலிருந்து தொடர்பு எண்களைக் கொண்டுவருவதற்கு புளூடூத் வழி அனுப்பலாம். அது கைகொடுக்காவிட்டால், உண்மையில் நாம் பேசும் ஆள்களின் எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதி ஏற்றிக்கொள்வது அப்படியொன்றும் பெரிய வேலை இல்லை.

எனக்கு உண்மையான மனக்குறை தமிழ் எழுத்தில்தான் இருக்கிறது. மெனு முழுவதையும் தமிழில் மாற்றிக்கொள்ளலாம். வரும் தமிழ்ச் செய்திகளைப் பிழையின்றிக் காட்டுகிறது. ஆனால் விசைகளின் மேல் ஆங்கில எழுத்தும் இந்தி எழுத்தும் அச்சிடப்பட்டிருக்கின்றனவே தவிர, தமிழ்நாட்டில் விற்கும் போனில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. எந்த விசையில் ககரம், எந்த விசையில் பகரம், மெய்ப்புள்ளிக்கு எங்கே அழுத்துவது என்பதையெல்லாம் தடவித் தடவிக் கண்டுபிடித்து மனப்பாடம் செய்ய வேண்டும். அதற்கு மேல் குறுஞ்செய்தியின் கணக்கு வேறு இருக்கிறது. ஆங்கில எழுத்தில் அனுப்பினால் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து இடம் உண்டு. தமிழில் அனுப்பினால் 70 தான். அந்த எழுபதிலும் உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும் தனித்தனி இடமாகக் கணக்கிடப்படும். "நாகர்கோவில்" என்பது கண்ணுக்கு 6 எழுத்து. போனின் கணக்கில் அது 11. "நாளை காலை ஏழு மணிக்கு வடசேரி பஸ் ஸ்டாண்டில் நில், நோட்டு கொண்டு வா" என்று ஒரு தோழிக்கு எழுதினால் அது ஒரே செய்தியின் எல்லையை ஒட்டி வந்து நின்றுவிடும். இன்னும் ஒரு சொல் சேர்த்தால் இரண்டாகப் பிரியும். டேட்டா இல்லாத பேக்கில் 84 நாளுக்கு ஆயிரத்தை ஒட்டிய குறுஞ்செய்திகளே தரப்படுவதால், தமிழில் எழுதுபவரின் கையிருப்பு ஆங்கிலத்தில் எழுதுபவருடையதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் தீரும். விசையில் தமிழ் எழுத்தை அச்சிடுவதற்குப் பெருஞ்செலவு ஆகப்போவதில்லை. இதைத் தயாரிப்பவர்களும் விற்பவர்களும் செய்து தர வேண்டும் என்று நான் உறுதியாகக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, நீளமான விஷயத்தை எழுதுவதைவிட அழைத்துப் பேசிவிடுவதே எளிது.

பணம் கொடுக்கல் வாங்கல் பலருக்கும் இருக்கும் பெரிய தயக்கம். யுபிஐ 123பே என்ற சேவை பட்டன் போன்களுக்காகவே 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கியால் தொடங்கப்பட்டது. ஓர் எண்ணை அழைத்து, குரல் சொல்லும்படி விசைகளை அழுத்தி, யுபிஐ ரகசிய எண்ணைக் கொடுத்துப் பணம் அனுப்பலாம். தொடக்கத்தில் 5,000 ரூபாயாக இருந்த ஒரு பரிமாற்றத்தின் வரம்பு பின்னர் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வீட்டில் உட்கார்ந்து ஒருவருக்குப் பணம் அனுப்ப இது நன்றாகப் பயன்படுகிறது. பின்னால் நாலு பேர் நிற்கும் டீக்கடையில், குரலின் ஒவ்வொரு கேள்விக்கும் காத்திருந்து விசையை அழுத்திக்கொண்டிருப்பது நடக்கிற காரியம் அன்று. ஆகவே கையில் காசு வைத்துக்கொள்ள வேண்டும், அதிலும் பத்து ரூபாய், இருபது ரூபாய்த் தாள்களாக. சில்லறை இல்லை என்ற பேச்சு இன்னும் கேட்கத்தான் செய்கிறது என்றாலும், ரொக்கத்தை வாங்க மறுத்த கடையை நான் நம் மாவட்டத்தில் பார்த்ததில்லை. சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. திருவனந்தபுரத்துக்கு ரயிலில் தினமும் போய்வருபவர்கள் சீசன் டிக்கெட்டை நிலையத்துக் கவுண்டரிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

ஓடிபி பற்றி அஞ்சத் தேவையில்லை. ஆதாரோ வங்கியோ அவை குறுஞ்செய்தியாக வருவதால் பட்டன் போனில் தடையின்றி வந்துசேர்கின்றன. டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், நுழைவுச்சீட்டு, தேர்வு முடிவு எல்லாம் இணையதளத்தில்தான் என்றாலும், அவற்றுக்கு ஒரு மடிக்கணினியோ ஊரிலுள்ள இ-சேவை மையமோ போதும்.

வீட்டில் டச் போன் அறவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். நம் மாவட்டத்தில் அது நடைமுறைக்கும் ஒவ்வாது. வளைகுடா நாடுகளில் ஓர் ஆளாவது வேலை பார்க்காத குடும்பங்கள் குறைவு. என் அண்ணனும் அங்கேதான் இருக்கிறான். வெளிநாட்டு அழைப்பு சாதாரண பேக்கில் சேராது. தனியாகப் பணம் கட்டிப் பேசினாலும் அண்ணனின் குழந்தையை அம்மா கண்ணால் பார்க்க முடியாது. ஆகவே எங்கள் வீட்டில் ஒரு டச் போன் கூடத்து மேசையில், சார்ஜரோடு சேர்ந்து, எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது. அதற்கு அம்மாவின் சிம், வீட்டு ஃபைபர் இணைப்பு. இரவு உணவுக்குப் பின் அண்ணன் அழைக்கும்போது எல்லோரும் அதைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிறோம். அது கூடத்தை விட்டு வெளியே போவதில்லை. முன்பெல்லாம் வீட்டில் ஒரே இடத்தில் இருந்த லேண்ட்லைன் போனைப் போல அதை நடத்துகிறோம்.

இங்கே ஒரு நுணுக்கத்தைச் சொல்லியாக வேண்டும். தம் சிம் பட்டன் போனில் இருக்க, அதே எண்ணின் வாட்ஸ்அப்பை வீட்டிலுள்ள டச் போனில் வைத்துக்கொள்ளும் வழியைப் பலர் கையாண்டு வந்தார்கள். வாட்ஸ்அப் போன்ற செயலிகள், பதிவான எண்ணின் சிம் அதே கருவியில் தொடர்ந்து இருந்தால் மட்டுமே இயங்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பரில் உத்தரவிட்டது. எனவே புதிதாக மாறுபவர்கள் அந்த வழியை நம்பித் திட்டமிடாமல், வீட்டுப் போனுக்கென்று ஒரு சிம்மைத் தனியாக ஒதுக்கிவிடுவதே பாதுகாப்பு. பட்டன் போனிலேயே வாட்ஸ்அப் வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணுபவர்களுக்கும் ஒரு செய்தி: கைஓஎஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் பட்டன் போன்களுக்கு வாட்ஸ்அப் தன் செயலியை 2024 ஜூனுக்குப் பிறகு புதிதாகத் தரவில்லை. பழைய மாடல்களை அதற்காக வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இந்தப் போனால் வரும் மிகப் பெரிய இடையூறு போனுக்கு வெளியே இருக்கிறது. என் சித்தி மகள் நம் மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் படிக்கிறாள். என்னைப் பார்த்து அவளும் மாறினாள். அவளுடைய வகுப்பில் கால அட்டவணை மாற்றம், ஒப்படைப்புக்கான தேதி, கட்டணத்துக்குக் கடைசி நாள் எல்லாம் வாட்ஸ்அப் குழுவில் மட்டுமே அறிவிக்கப்படுகின்றன. தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாள் அவளுக்குத் தெரியாமலே கடந்துபோய், அபராதத்தோடு கட்ட நேர்ந்தது. விளக்கம் கேட்கப் போனபோது, "குழுவில் போட்டோமே, நீ ஏன் பார்க்கவில்லை" என்பதுதான் பதில். வகுப்பில் போனைப் பார்க்கக் கூடாது என்று மாணவர்களுக்குத் தடை விதித்துவிட்டு, போனைப் பார்த்தால்தான் வகுப்பைப் பற்றித் தெரியும் என்ற நிலையையும் கல்லூரிகளே உருவாக்கி வைத்திருப்பது நியாயமன்று. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடத்தில் நின்ற மாவட்டம் இது. ஓர் அறிவிப்பைத் தாளில் எழுதிப் பலகையில் ஒட்டுவதும், அவசரமானால் குறுஞ்செய்தியாக அனுப்புவதும் இங்கே முடியாத காரியங்கள் அல்ல. ஒரு மாணவி தன் படிப்பின்மேல் உள்ள அக்கறையால் எடுத்த முடிவுக்கு அவளே அபராதம் கட்டும்படி ஆகக் கூடாது. அதுவரை செய்யக்கூடியது, குழுவில் இருக்கும் நம்பகமான தோழி ஒருத்தியிடம் மாலையில் ஒருமுறை அழைத்துக் கேட்டுக்கொள்வதுதான். என் தங்கை இப்போது அப்படித்தான் செய்கிறாள்.

இவ்வளவு இடைஞ்சலுக்கும் ஈடாகக் கிடைப்பது என்ன என்று கேட்டால், தொடர்ச்சியாக ஒன்றைப் படிக்கும் திறன் என்றே சொல்வேன். தொடக்கத்தில் சில வாரங்கள் கடினமாகவே இருக்கும் என்பதை மறைக்கமாட்டேன். பேருந்து நின்றவுடனும், கடையில் காத்திருக்கும்போதும், பாடத்தில் ஒரு பத்தி புரியாமல் போனவுடனும் கை தானாகப் பைக்குள் போகும். போனை எடுத்துப் பார்த்தால் நேரமும் சிக்னல் கோடுகளும் தவிர அதில் ஒன்றும் இராது. அந்த வெறுமை சலிப்பாக இருக்கும், சில நேரம் எரிச்சலும் வரும். பிறகு மெல்ல மெல்ல அந்த இடத்துக்கு வேறொன்று வந்துசேர்கிறது. தக்கலையில் பேருந்து ஏறினால் வில்லுக்குறி, சுங்கான்கடை, பார்வதிபுரம் கடந்து வடசேரியில் இறங்குவதற்குள், இந்திய அரசியலமைப்பின் ஒரு பகுதியை முழுவதும் படித்து மனத்தில் நிறுத்த முடிகிறது. முன்பு அதே பயணத்தில் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தும் ஒரு பக்கம் தாண்டியதில்லை. கணிதத்தில் ஒரு கணக்கு வராவிட்டால், விடையைத் தேடாமல் அதனோடேயே அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கும் பொறுமை வந்திருக்கிறது. மடிக்கணினியில் யூடியூப் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்காக மேசைக்குப் போய், அதைத் திறந்து, உட்கார வேண்டும் என்பதே பெரும்பாலான ஆசைகளைத் தணித்துவிடப் போதுமானதாக இருக்கிறது.

இழப்பும் உண்டு. கல்லூரித் தோழிகளின் நிச்சயதார்த்தச் செய்திகள் ஸ்டோரியில் வந்து, ஒரு நாளில் மறைந்து, எனக்குத் தெரியாமலே போயிருக்கின்றன. சிலரோடு தொடர்பு விட்டுப்போயிற்று. சிலர் அழைத்துப் பேசும் அளவுக்கு முன்பைவிட நெருங்கி வந்தார்கள். 2024-இன் கடைசியில் திறக்கப்பட்ட, விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில் தோழிகளோடு நடந்துபோனபோது, என்னிடம் படம் எடுக்க ஒன்றும் இல்லை. அன்று எடுத்த படங்களை ஒரு தோழி பிரிண்ட் போட்டுத் தந்தாள். இதெல்லாம் பெரிய இழப்பா என்பதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்கு ஏற்கத்தக்கதாகவே இருக்கிறது.

வெளிநாடுகளில் இதே நோக்கத்துக்கென்றே போன்கள் செய்யப்படுகின்றன. அமெரிக்காவில் 2017-இல் முதல் மாடல் வெளிவந்த லைட் போன் அவற்றுள் பெயர் பெற்றது. அதன் மூன்றாம் மாடல் 2025-இல் வந்தது. வரைபடம் உண்டு, பாட்டு உண்டு, சமூக ஊடகமும் உலாவியும் கிடையாது. விலையோ பல நூறு டாலர். நம் ஊர்க் கடையில் இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கும் போனில் இல்லாத ஒன்று அதில் இருக்கிறது என்றால், எனக்கு அது வரைபடம் மட்டும்தான். தெரியாத ஊருக்குப் போகும்போது அந்தக் குறை உறைக்கிறது. 4ஜி குரல், விசையில் தமிழ், ஒரு வரைபடம், எளிதான யுபிஐ ஆகிய நான்கும் இருந்து, காணொளி என்ற ஒன்றே இல்லாத ஒரு போனை மூவாயிரம் ரூபாய்க்குள் நம் நாட்டு நிறுவனம் ஒன்று செய்து தருமானால், அதை வாங்க இந்த மாவட்டத்திலேயே ஆள்கள் இருக்கிறார்கள் என்று நம்புகிறேன்.

எல்லோரும் இதற்கு மாறலாம் என்று சொல்லிவிட முடியாது. உணவு விநியோகம், வாடகை வண்டி என்று செயலி வழியாகவே வேலை வருபவர்களுக்கு இது பொருந்தாது. தூத்தூர், குளச்சல் பகுதிகளில் வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகும் குடும்பங்களின் நிலையும் வேறு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது செய்தி எட்டாமல் அந்தக் கரையோர ஊர்கள் பட்ட பாட்டை அறிந்தவர்கள், படகுகளின் செய்தியும் வானிலைப் படமும் வரும் குழுக்களை விட்டுவிடும்படி அங்குள்ள பிள்ளைகளிடம் சொல்லமாட்டார்கள். அத்தகைய வீடுகளில் குறைந்தது ஒரு டச் போனாவது டேட்டாவோடு எப்போதும் விழித்திருக்க வேண்டும். பேச்சிப்பாறைக்கு மேலே மலைப்பகுதியில் இருப்பவர்கள், எந்த நிறுவனத்தின் சிக்னல் தங்கள் வீட்டுக்குள் வருகிறது என்று பார்த்த பிறகே சிம்மையும் அதற்கேற்ற போனையும் முடிவு செய்வது நல்லது.

மற்றவர்கள் வாங்கப் போகும்போது உங்கள் சிம்மையே கொண்டுபோங்கள். போனை இயக்கச் சொல்லி, மெனுவின் கடைசிப் பக்கம் வரை தள்ளிப் பார்த்து, யூடியூபோ பேஸ்புக்கோ இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஓர் அழைப்பு பேசிப் பாருங்கள். தமிழில் ஒரு குறுஞ்செய்தி எழுதிப் பாருங்கள். பிறகு *#06# என்று அழுத்தினால் அந்தக் கருவிக்கே உரிய 15 இலக்க ஐஎம்இஐ எண் திரையில் வரும். பெட்டியிலும் பில்லிலும் அதே எண் இருக்க வேண்டும். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது முறையாகப் பதிவான கருவிதானா என்பது பதிலாக வந்துவிடும். அந்தப் பதிலைப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்; பில்லை ஓராண்டு வாரண்டி முடியும்வரை பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.